கைப்பிடிக்குக் கீழே வளைந்த கோடுகள்: சாவிக் கோளாறு பெயிண்ட்டைத் தின்ற ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

கணவர், மனைவி இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். ஏழு ஆண்டுகளாக ஒரே காரை மாறி மாறி ஓட்டுகிறார்கள். காரின் நிறம் உலோகத் துகள் கலந்த கருநீலம். நிறுத்துமிடம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே. காருடன் வந்த இரண்டு ரிமோட் சாவிகளில் ஒன்று கணவரிடமும் மற்றொன்று மனைவியிடமும் இருந்தன. இங்கே அவற்றை முதல் சாவி, இரண்டாம் சாவி என்று குறிப்பிடுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு அவர்கள் வந்தது கீறலுக்காக. ஓட்டுநர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, மெல்லிய வெள்ளைக் கோடுகள் கொத்தாக விழுந்திருந்தன. அதற்கு முன் வேறிடத்தில் இரண்டு முறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் சில வாரங்களில் கோடுகள் திரும்பிவிட்டன. யாரோ வேண்டுமென்றே கீறுகிறார்கள் என்று கணவர் உறுதியாக நம்பினார். கீழ்த்தளத்தில் மாலை நேரத்தில் விளையாடும் பிள்ளைகள் மீது சந்தேகம் விழுந்தது. அது பக்கத்து வீட்டாருடன் வாய்த்தகராறாகி, இரு வீடுகளுக்கும் இடையே பேச்சே நின்றுபோயிருந்தது. கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, கார் நின்றிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் என்ற கார்க் கேமரா ஒன்றைப் பொருத்தியிருந்தார். பதிவுகளில் யாரும் சிக்கவில்லை.

சாவியைப் பற்றிய பேச்சு, காரை எங்களிடம் ஒப்படைக்கும்போது போகிற போக்கில் வந்தது. ரிமோட் இப்போது பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது, சில நாள் அதுவும் இல்லை, கதவுத் துளையில் செருகும் தகட்டுச் சாவியால் திறந்துகொள்ளுங்கள் என்றார் கணவர். பேட்டரியை மாற்றியும் பயனில்லையாம். சாவிக்கும் காருக்கும் உள்ள இணைப்பு அறுந்துவிட்டது, புதுச் சாவி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருந்தார்கள். “தம்பி, முதலில் கீறலை எடுத்துக்கொடுங்கள், சாவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதே அவருடைய கோரிக்கை.

முதல் பார்வையில் கண்டவை

பெயிண்ட் வேலையில் முதல் வேலை கழுவுவது. தூசி படிந்த கதவில் எது கீறல், எது அழுக்கு என்று சொல்ல முடியாது. அப்படியே துணியால் துடைத்தால் அந்தத் தூசியே புதுக் கீறலைப் போடும். கழுவி உலர்த்தியபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் அந்தப் பகுதியைத் துடைத்தோம். முந்தைய பாலிஷின் எண்ணெய்ப் பசையும் மெழுகும் கீறல்களை நிரப்பி மறைத்துவைத்திருக்கும். அவை போனால்தான் உண்மையான நிலை தெரியும். துடைத்தபின் கோடுகள் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தன.

அடுத்து ஆழம். காரின் வெளிப்பூச்சு பல அடுக்குகளால் ஆனது. இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு. தொழிற்சாலையில் பூசிய கார்களில் மொத்தமும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவான இந்த அடுக்கில்தான் பளபளப்பு இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மமும் இங்கேதான் இருக்கிறது. பாலிஷ் என்று நாம் சொல்வது கீறலை நிரப்புவதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைப்பதே பாலிஷ். தேய்த்தது திரும்ப வராது.

கோடுகளின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை நனைந்த நிலையில் மறைந்தன. அவை கிளியர் கோட்டுக்குள் நின்ற கீறல்கள். கீறலின் ஓரங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அவை வெள்ளையாகத் தெரிகின்றன. நீர் அந்தப் பள்ளத்தை நிரப்பும்போது சிதறல் குறைந்து கோடு மறைகிறது. நான்கைந்து கோடுகள் நனைந்தும் மறையவில்லை, நகத்தை ஓட்டினால் தட்டின. சாவித் துளையின் கீழ் விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு முழுவதும் பெயர்ந்து, கடுகளவு துரு தெரிந்தது.

பின் பம்பரிலும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அது கீறலே இல்லை. தூணின் வண்ணம் உராய்ந்து ஒட்டிக்கொண்டது. தார் நீக்கும் கரைப்பானைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்ததும் போய்விட்டது.

பிறகு தடிமன் அளக்கும் கருவியை எடுத்தோம். ஓட்டுநர் கதவின் நடுப்பகுதியில் 116 முதல் 120 மைக்ரான். கீறல் விழுந்த பகுதியில் 92 முதல் 96. தொழிற்சாலைப் பூச்சிலும் இடத்துக்கு இடம் சிறிய வேறுபாடு இருக்கும் என்பதால், எதிர்ப்பக்கக் கதவில் அதே உயரத்தில், கைப்பிடியிலிருந்து அதே தூரத்தில் அளந்தோம். அங்கே 117. ஆக, ஓட்டுநர் பக்கத்தில் இருபது மைக்ரானுக்கு மேல் தேய்ந்து போயிருக்கிறது. இரண்டாம் முறை பாலிஷ் போட்டவர்கள் உப்புத்தாளும் பயன்படுத்தினார்கள் என்று கணவர் பிறகு நினைவுகூர்ந்தார். கருவி மொத்தத் தடிமனை மட்டுமே காட்டும். எந்த அடுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆனால் தேய்மானம் மேலிருந்துதான் தொடங்கும். அந்த இடத்தின் கிளியர் கோட்டில் ஏறக்குறைய பாதி ஏற்கனவே இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு.

இந்த அளவைப் பார்த்தபின் மூன்றாம் முறை பாலிஷ் இயந்திரத்தைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்துவிட்டு, கோடுகள் மறுபடி வந்தால் நான்காம் முறைக்கு அங்கே பூச்சு இருக்காது.

கீறலின் வடிவம் சொன்னது

வேண்டுமென்றே ஒருவர் ஆணியாலோ சாவியாலோ இழுத்தால் கோடு நீளமாக இருக்கும். ஒரு முனையில் அழுத்தமாகத் தொடங்கி மறுமுனையில் மெலிந்து முடியும். பெரும்பாலும் நடந்துகொண்டே இழுப்பதால் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கும் தாவும். இங்கே இருந்தவை அப்படி இல்லை. எல்லாம் குறுகிய வளைகோடுகள். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோது அவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வில்களாகத் தெரிந்தன. அத்தனைக்கும் மையம் ஒன்றே: சாவித் துளை.

பல புதிய கார்களைப் போல இந்தக் காரிலும் சாவித் துளை ஓட்டுநர் கதவில் மட்டுமே உண்டு. மற்ற மூன்று கதவுகளிலும் இப்படி ஒரு கோடு கூட இல்லை.

கணவரின் சாவியை வாங்கிப் பார்த்தோம். அதே வளையத்தில் வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பூட்டுச் சாவிகள், ஓர் உலோகப் பதக்கம் எல்லாம் தொங்கின. தகட்டுச் சாவியைத் துளையில் செருகினால் அந்தக் கொத்து கதவின் மேல் சாய்ந்து கிடக்கும். திருப்பினால் கொத்து முழுவதும் பூச்சின் மேல் ஊசலாடி ஒரு வில்லை வரையும். பூச்சின் மேல் மாஸ்கிங் டேப் எனப்படும் தடித்த காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் சாவியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். நாடாவில் விழுந்த தடத்தின் ஆரமும் கதவில் இருந்த வெளிப்புற வில்லின் ஆரமும் பொருந்தின.

கணவரை அழைத்து நாடாவைக் காட்டினோம். அவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. மனைவிதான், தகட்டுச் சாவியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் கோடுகள் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம்தான் என்று சொன்னார்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. கீறலை எப்படி எடுப்பது என்பதற்கு முன், ரிமோட் ஏன் எட்டவில்லை என்பதற்கு விடை வேண்டும்.

சாவிச் சோதனை

முதலில் விலக்க வேண்டியவற்றை விலக்கினோம். இணைப்பு அறுந்துவிட்டது என்ற கருத்து பொருந்தவில்லை. ரிமோட் சாவி ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு புதிய குறியீட்டை அனுப்புகிறது. காரில் அந்த அலையை வாங்கும் ஏற்பி அந்த வரிசையைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டு வருகிறது. எட்டாத தூரத்தில் பொத்தானை மிக அதிக முறை அழுத்தினால் எண்ணிக்கை விலகிப்போவது உண்டு. ஆனால் அப்படி விலகிய சாவி கதவின் பக்கத்தில் நின்று அழுத்தினாலும் வேலை செய்யாது. இங்கே பக்கத்தில் போனால் கதவு திறக்கிறது. குறியீடு தூரத்தைப் பார்த்து மாறாது. ஆகவே இது குறியீட்டுக் கோளாறு இல்லை.

இன்ஜின் எப்போதும் தடையின்றிக் கிளம்பியது என்பதும் பயனுள்ள தகவல். இந்த வகைச் சாவியில் இன்ஜினைக் கிளப்ப அனுமதி தரும் சில்லு தனி. அது இக்னிஷனைச் சுற்றியுள்ள சுருளிலிருந்து 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அலையில் ஆற்றலைப் பெற்றுப் பதில் சொல்கிறது. சாவியின் பேட்டரி அதற்குத் தேவையில்லை. கதவைத் திறக்கும் ரிமோட் பகுதி பேட்டரியில் இயங்கி, இந்தக் காரில் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புகிறது. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஒன்று நன்றாக இருப்பதால் மற்றொன்றும் நன்றாக இருக்கும் என்று கொள்ள முடியாது. கார் பேட்டரியையும் அளந்தோம்: ஓய்வு நிலையில் 12.5 வோல்ட். அதில் குறையில்லை.

அடுத்தது இரண்டு சாவிகளையும் ஒப்பிடும் சோதனை. ரிமோட் கோளாறில் இதைவிட மலிவான, இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. ஒரு சாவி மட்டும் பலவீனமென்றால் குறை சாவியில். இரண்டும் பலவீனமென்றால் குறை காரிலோ சுற்றுப்புறத்திலோ. ஒரே இடம், ஒரே திசை, சாவியை ஒரே உயரத்தில் ஒரே விதமாகப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டு, எட்டும் தூரத்தைக் குறித்தோம். பிடிக்கும் விதம் முக்கியம். 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். சாவிக்குள் இருப்பதோ மின்சுற்று அட்டையில் அச்சிட்ட சிறு வளையம். இவ்வளவு குட்டையான ஆன்டெனாவைக் கை மூடும் விதமே பலமாகப் பாதிக்கும். சாவியைத் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினால் தூரம் கூடும் என்பது உண்மைதான். உடலில் உள்ள நீர் அலைக்குத் துணைபுரிகிறது. கணவர் அந்த உத்தியைப் பல வாரங்களாகக் கையாண்டு வந்திருந்தார். அது குறையை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை.

முடிவு எதிர்பார்த்தபடி ஒரு பக்கமாகச் சாயவில்லை. முதல் சாவி 2 மீட்டர் கூட எட்டவில்லை. இரண்டாம் சாவி ஏறக்குறைய 6 மீட்டர். கார் புதிதாக இருந்தபோது இரண்டுமே 30 மீட்டருக்கு மேல் எட்டியதாக மனைவி சொன்னார். இரண்டு சாவிகளும் குறைந்திருப்பதால் காரின் பக்கத்தில் ஒரு குறை உண்டு. முதல் சாவி இரண்டாவதைவிடக் குறைவாக இருப்பதால் அந்தச் சாவியிலும் தனியாக ஒரு குறை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு குறைகள்! பேட்டரி மாற்றியும் பயனில்லை என்று அவர்களைத் தளரவைத்தது இதுதான். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்று நிற்கிறதே.

முதல் சாவியைத் திறந்தோம். உள்ளே இருந்தது பொத்தான் வடிவிலான சிஆர்2025 பேட்டரி. மூடியின் உட்புறத்தில் அச்சிட்டிருந்தது சிஆர்2032. எண்ணிலேயே அளவு இருக்கிறது: முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர், அடுத்த இரண்டும் தடிமன், 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் 2.5 மில்லிமீட்டர்தான். விட்டம் ஒன்றே என்பதால் அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். ஆனால் 0.7 மில்லிமீட்டர் குறைவதால் மேலிருந்து அழுத்த வேண்டிய தொடுதகடு அரைகுறையாகத்தான் தொடும். போதாததற்கு யாரோ அந்தத் தகட்டை நெம்பி வளைத்திருந்தார்கள். அதன் முனையில் பச்சை நிறப் படிவும் இருந்தது.

பேட்டரியை வெளியே எடுத்து அளந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சும்மா கிடக்கும்போது எடுக்கும் அளவு பொத்தான் பேட்டரியின் உண்மை நிலையைச் சொல்லாது. பொத்தானை அழுத்தும் கணத்தில் சாவி சில மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. தொடுதகட்டில் தடை இருந்தால் வோல்ட் அப்போது சரியும், அலையின் வலுவும் சரியும். சாவி அட்டையில் அளவுமுனைகளை வைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தியபோது, அளவு 2.2 வோல்ட் வரை இறங்கியதைக் கண்டோம்.

காரின் பக்கத்துக் குறையைத் தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு சாவிகளும் ஒருசேரக் குறைந்தது எப்போது, அந்தச் சமயத்தில் காரில் புதிதாக என்ன சேர்ந்தது என்று கேட்டோம். மனைவி யோசித்து, டேஷ்கேம் என்றார். அதன் மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு மறுபடி தூரத்தைப் பார்த்தோம். இரண்டாம் சாவி 30 மீட்டரைத் தாண்டியது. கம்பியைச் செருகினோம்; மறுபடி 6 மீட்டர். தற்செயலாக இருக்கக்கூடாது என்று இருவர் மாறி மாறிச் செய்து பார்த்தோம். கம்பி செருகியிருக்கிறதா என்பது சாவியை அழுத்துபவருக்குத் தெரியாதபடியும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே விடை.

டேஷ்கேமுக்கு 5 வோல்ட் போதும், காரில் இருப்பது 12 வோல்ட். இடையே ஒரு குறைப்புப் பெட்டி உண்டு. அது மின்னோட்டத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி வோல்ட்டைக் குறைக்கிறது. அந்த வேகமான திறப்பு மூடலின் எதிரொலிகள் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை பரவும். தடுப்பு சரியில்லாத பெட்டி 433 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் மின்காந்த இரைச்சலைக் கக்கும். சாவி வெளிவிடும் அலையின் ஆற்றல் சில மில்லிவாட்டுக்கு மேற்படாது. ஏற்பியின் காதருகே இரைச்சல் இருந்தால் தூரத்துச் சாவியின் குரல் அதில் மூழ்கிவிடும். திறந்தவெளிக் கணக்குப்படி, எட்டும் தூரம் ஐந்தில் ஒன்றாகக் குறைய வேண்டுமானால் ஏற்பி தாண்ட வேண்டிய இரைச்சல் ஏறக்குறைய 25 மடங்காக உயர வேண்டும். இந்தக் காரில் ஏற்பி முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில், பின்புறம் பார்க்க உதவும் உட்புறக் கண்ணாடியின் பின்னால் இருந்தது. டேஷ்கேமைப் பொருத்தியவர்கள் குறைப்புப் பெட்டியையும் அதே இடத்தில், கூரைத் துணிக்குள் செருகியிருந்தார்கள்.

சாதாரண டேஷ்கேம் என்றால் இன்ஜினை நிறுத்தியதும் அணைந்துவிடும், சாவியைக் கெடுத்திருக்காது. இதுவோ நிறுத்தியபின்னும் விழித்திருக்கும் வகை.

இப்போது நிகழ்வுகளின் வரிசை தெளிவானது. பேட்டரி மாற்றும்போது மெல்லிய பேட்டரியைப் போட்டார்கள். முதல் சாவியின் வீச்சு குறைந்தது. கணவர் தகட்டுச் சாவிக்கு மாறினார். சாவிக்கொத்து கதவைக் கீறியது. பாலிஷ் போட்டார்கள், கோடுகள் மீண்டும் வந்தன. பிள்ளைகளைச் சந்தேகித்தார். டேஷ்கேம் வைத்தார். அது முன்னும் பின்னும் பார்த்ததே தவிர ஓட்டுநர் கதவைப் பார்க்கவில்லை. அதன் இரைச்சலால் மனைவியின் சாவியும் வீச்சிழந்தது. இருவருமே தகட்டுச் சாவிக்கு மாறினார்கள். கீறல் இரட்டிப்பானது. இரண்டாம் பாலிஷில் உப்புத்தாள் வந்தது. தீர்வுக்காக எடுத்த ஒவ்வோர் அடியும் குறையை வளர்த்திருக்கிறது. அவர்களில் எவரும் கவனக்குறைவானவர் அல்லர். அந்தந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நியாயமாகவே நடந்துகொண்டார்கள்.

முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதலில் சாவி, பிறகு காத்திருப்பு, கடைசியில் பெயிண்ட் என்று வரிசைப்படுத்தினோம். கணவருக்கு இது உடனே ஏற்புடையதாக இல்லை. கார் வெளியே போகும்போது கீறலோடு போவதா என்று கேட்டார். தடிமன் அளவுகளை அவர் முன்னிலையில் மறுபடி எடுத்துக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். காத்திருப்புக்குக் காரணம் எளியது: கோடுகளுக்கு மூலம் சாவிக்கொத்துதான் என்பது நாடாச் சோதனையில் வலுவாகத் தெரிந்தாலும், சாவி சரியானபின் புதிய கோடு விழாமல் இருப்பதே முழுச் சான்று. துரு கண்ட புள்ளியை மட்டும் காத்திருக்க வைக்கவில்லை. ஈரம் பட்டால் துரு பூச்சுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும் என்பதால், அன்றே சுரண்டித் துருத்தடுப்பு பிரைமரைத் தொட்டுவைத்தோம்.

புதுச் சாவி தேவையில்லை என்று சொன்னோம். முதல் சாவியின் தொடுதகட்டை ஆல்கஹாலில் துடைத்து, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, சரியான சிஆர்2032 பேட்டரியைத் துணியால் பிடித்துப் பொருத்தினோம். விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும். அதன்பின் பொத்தானை அழுத்தினாலும் வோல்ட் 2.9க்குக் கீழே இறங்கவில்லை.

கழற்றிய பழைய பேட்டரிகள் இரண்டு காரின் நாணயத் தட்டில் கிடந்தன. அவர்கள் வீட்டுக்குப் பேரக் குழந்தை வந்துபோகும். குழந்தை விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான தீப்புண்ணை உண்டாக்கும். மின்சாரம் தீர்ந்துபோனது என்று நாம் நினைக்கும் பேட்டரியிலும் அதற்குப் போதுமான ஆற்றல் மிஞ்சியிருக்கும். இருபுறமும் நாடா ஒட்டி, மறுசுழற்சிக்கு அனுப்ப வாங்கிவைத்துக்கொண்டோம். பேட்டரி மாற்றும் எவரும் இதைச் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்பது என் கருத்து.

டேஷ்கேமில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். கம்பியில் இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் வளையம் மாட்டியதில் தூரம் 6 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குத்தான் உயர்ந்தது. குறைப்புப் பெட்டியைக் கூரையிலிருந்து எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டிக்கு அருகில் வைத்தபின் 25 மீட்டரைத் தொட்டது. இரைச்சலை வடிகட்டுவதைவிட அதை ஏற்பியிடமிருந்து விலக்கிவைப்பது அதிகம் பயன் தந்தது. நிறுத்திய பின்னும் பதிவு செய்யும் வசதியை அணைக்கலாமா என்பதை அவர்களிடமே விட்டோம்.

பெயிண்ட்: எதை எடுப்பது, எதை விடுவது

அவர்கள் மறுபடி வந்தபோது கோடுகளின் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டோம். புதிதாக எதுவும் இல்லை. இனிக் கதவைத் தொடலாம்.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கதவு முழுவதும் மறுபூச்சு. கோடு ஒன்றுகூட இருக்காது. ஆனால் தொழிற்சாலைப் பூச்சு வெறும் உடற்கூட்டில் 130 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் கெட்டியாவது. பட்டறையில் முழுக் காரையும் வைத்துக்கொண்டு 60 டிகிரியை ஒட்டித்தான் சூடேற்ற முடியும். அதோடு உலோகத் துகள் கலந்த நிறத்தில் பக்கத்துப் பகுதிகளுக்கும் நிறத்தைக் கரைத்துப் பூசாவிட்டால் வேறுபாடு தெரியும். ஒரு கையளவு பகுதிக்காக நல்ல நிலையில் உள்ள பூச்சைச் சுற்றிலும் கலைக்க வேண்டியிருக்கும். இரண்டு, காம்பவுண்ட் எனப்படும் கடினமான தேய்ப்புப் பசையைப் போட்டு ஆழமான கோடுகளையும் சமன்செய்வது. இருக்கும் தடிமனில் அது கிளியர் கோட்டை வெயில் தாங்காத அளவுக்கு மெலித்துவிடும். சில ஆண்டுகளில் அந்த இடம் வெளுத்து உரியத் தொடங்கும். மூன்றாவது, மென்மையான பாலிஷால் மேலோட்டமானவற்றை மட்டும் மங்கச் செய்து, ஆழமானவற்றை அப்படியே விடுவது.

மூன்றாவதைத் தேர்ந்தோம். முதலில் தீப்பெட்டி அளவு இடத்தில் மட்டும் மென்பஞ்சும் மெல்லிய பாலிஷும் கொண்டு சோதித்து, போதும் என்று கண்டபின் அந்தப் பகுதி முழுவதும் செய்தோம். முன் 94 காட்டிய இடத்தில் பின் 93. கருவியின் பிழை எல்லைக்குள் அடங்கும் வேறுபாடு. சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் போயின. நகம் தட்டிய கோடுகளின் ஓரங்கள் மழுங்கி, இரண்டடி தள்ளி நின்றால் கண்ணில் படாத அளவுக்கு வந்தன. அருகில் குனிந்து பார்த்தால் தெரியும். தெரியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

துரு கண்ட புள்ளிக்குக் கதவுச் சட்டத்தின் ஒட்டுத்தாளில் உள்ள நிறக் குறியீட்டைப் பார்த்து டச்-அப் பெயிண்ட் வரவழைத்தோம். தூரிகையின் நுனியால் மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் உலர இடைவெளி விட்டு நிறமும் கிளியர் கோட்டும் வைத்தோம். வழக்கமாக இதை உப்புத்தாளால் சமன்செய்வார்கள். சுற்றியுள்ள பூச்சு மெலிந்திருப்பதால் செய்யவில்லை. புள்ளி சற்றே மேடாக நிற்கிறது. அது நன்கு இறுகச் சில வாரங்கள் கொடுத்தபின், சாவித் துளைக்குக் கீழே நிறமற்ற பாலியூரித்தேன் பாதுகாப்புப் படலம் ஒரு துண்டும், விரல் நகம் படும் கைப்பிடிக் குழிக்குள் ஒரு துண்டும் ஒட்டினோம். புள்ளிக்கு முன்பே படலத்தின் விளிம்பை நிறுத்திக்கொண்டோம்.

பின்பு நடந்தவை

அடுத்த பல மாதங்களில் கார் வழக்கமான பராமரிப்புக்காக வந்தபோதெல்லாம் அந்தக் கதவைப் பார்த்தோம். புதுக் கோடு விழவில்லை. இரண்டு சாவிகளும் ஒரே தூரத்துக்கு எட்டுகின்றன. நிறுத்தியபின் பதிவு செய்யும் வசதியைக் கணவர் அணைத்துவிட்டார். வீச்சு பழையபடி 30 மீட்டருக்கு மேல் போயிற்று. சாவிக்கொத்தையும் பிரித்துவிட்டார்: கார்ச் சாவி தனி வளையத்தில், மற்றவை வேறு வளையத்தில்.

பக்கத்து வீட்டுக்கு அவரே போய், நாடாவில் விழுந்த தடத்தின் படத்தைக் காட்டி, பிள்ளைகள் இருவரையும் அழைத்து அவர்களிடமும் நடந்ததைச் சொன்னார் என்று மனைவி தெரிவித்தார். தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளிடம் பெரியவர் ஒருவர் நேரில் சொல்வது எளிதான காரியமல்ல. இந்த நிகழ்வில் நான் பெரிதும் மதிக்கும் செயல் அதுதான்.

இனி மாற்றிச் செய்பவை

கீறலுடன் வருபவரிடம் அது எப்போது வந்தது என்று மட்டும் கேட்பது போதாது. காரை எப்படித் திறக்கிறீர்கள், சாவியோடு என்னென்ன தொங்குகின்றன, அண்மையில் காரில் என்ன பொருத்தினீர்கள் என்ற மூன்று கேள்விகளை வரவேற்புப் படிவத்திலேயே சேர்த்துவிட்டோம். அளவுகள், படங்கள் இல்லாமல் பாலிஷ் தொடங்குவதில்லை. ஒரே இடத்தில் இரண்டாம் முறை கீறல் என்று வந்தால், மூலம் தெரியும்வரை காம்பவுண்ட் எடுப்பதில்லை.

ரிமோட் எட்டவில்லை என்று வருபவரை இரண்டு சாவிகளையும் கொண்டுவரச் சொல்கிறோம். ஒரே ஒரு சாவியை வைத்துக்கொண்டு புதுச் சாவி வாங்கச் சொல்வது ஊகமே. பேட்டரி மாற்றும்போது மூடியில் உள்ள எண்ணைப் படித்து, அதே எண் உள்ளதையே போட வேண்டும். பள்ளத்தில் உட்காருகிறதே என்று விட்டுவிடக்கூடாது. டேஷ்கேம், யூஎஸ்பி சார்ஜர், மின்விளக்கு எதைப் பொருத்தினாலும் பொருத்துவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சாவியின் தூரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். சில நிமிட வேலை அது. வேறுபாடு இருந்தால் கம்பி இன்னும் திறந்தே இருக்கும்போதே இடத்தை மாற்றிவிடலாம்.

சாவித் துளையருகே வைத்த டச்-அப் புள்ளியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும். அதைச் சுற்றிப் பூச்சு குமிழ்விட்டால் துரு அடியில் பிழைத்திருக்கிறது என்று பொருள். அந்நிலையில் அந்தப் பகுதியைத் தகடு வரை திறந்து மறுபூச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று இருவரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.